வீடியோவில் வராத இருபது நிமிடம்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 27. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அம்மா, தம்பியோடு இருக்கிறேன். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மூன்று வருடமாக ராத்திரி நேரத்தில் யார் வேண்டுமானாலும் நிரலைத் திருத்தக்கூடிய ஒரு ஓப்பன் சோர்ஸ் எடிட்டர் (உரை எழுதும் மென்பொருள்) ப்ராஜெக்டில் தமிழ் சம்பந்தமான பிழைகளைக் கண்டுபிடித்து எழுதி வருகிறேன். 'கொ', 'போ' மாதிரி எழுத்துள்ள சொற்களைத் தேடினால் சில கோப்புகளில் கிடைப்பதே இல்லை. அந்தப் பிழை பதினான்கு மாதமாக மூடாமல் கிடக்கிறது. அதைப் பற்றி பெல்ஜியத்தின் பிரசல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற ஓப்பன் சோர்ஸ் மாநாட்டில் பேச இடம் கொடுத்திருக்கிறார்கள். 2026 ஜனவரி 31, பிப்ரவரி 1. நான் வெளிநாடு போனதே இல்லை. மேனேஜர் "லீவு எடுத்துக்கோ, பணம் மட்டும் கேட்காதே" என்கிறார். ஒன்றரை லட்சம் ஆகும் போலிருக்கிறது. கையில் 80 ஆயிரம் இருக்கிறது. மீதி, என் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்ததிலிருந்துதான் வர வேண்டும். "எல்லாப் பேச்சும் வீடியோவா வருமே, வீட்லயே உட்கார்ந்து பாரு" என்கிறான் தம்பி. எனக்கும் ஒரு சந்தேகம். நான் கோட் எழுதுகிறவள் இல்லை, பிழை எழுதுகிறவள். நான் போகலாமா? விசா கொடுப்பார்களா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. நாள் குறைவு என்பதால் விசா பற்றிய பகுதியை அன்றே தனியாக அனுப்பிவிட்டேன். உங்களைப் போல இன்னும் பலர் பெங்களூரில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் தம்பி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவர் சொல்வது சரி. ஃபாஸ்டெமில் ஏறக்குறைய எல்லா அறையிலும் படம் பிடிக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பேச்சு கேட்பதற்காக மட்டும் ஒன்றரை லட்சம் செலவழிப்பதாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன். நீங்கள் போக வேண்டியது வேறு காரணத்துக்காக. அந்தக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, உங்களுக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

'கொடி' என்ற சொல்லைப் பார்ப்போம். 'ொ' என்ற குறிக்கு யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம்) தனியாக ஒரே எண் உண்டு. அதையே ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. ஆனால் தேடுகிற நிரல் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் தேடினால், கண்ணெதிரே இருக்கிற 'கொடி' அதற்குத் தெரியாது. தமிழ் படிக்கத் தெரியாத ஒரு மெயின்டெய்னருக்கு (ப்ராஜெக்டைப் பராமரித்து, திருத்தங்களை ஏற்கிறவர்) இதை எழுத்தில் எப்படி விளக்குவது? அவர் திரையில் இரண்டு கொடியும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். "என்னிடம் இந்தப் பிழை வரவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை. உங்கள் பதினான்கு மாதம் இப்படித்தான் போயிருக்கும்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் லேப்டாப்பில் இரண்டு கோப்பைத் திறந்து, ஒன்றில் கிடைக்கிறது, ஒன்றில் கிடைக்கவில்லை என்று காட்டினால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். இது எனக்கே நடந்திருக்கிறது. முதல் முறை ஃபாஸ்டெம் போனபோது ஒரு டிரைவர் நிரலுக்கு நான் அனுப்பிய பேட்ச், அதாவது திருத்தம், ஏற்கப்படாமல் பதினோரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மதியம், ஹெச் கட்டடத்தில் ஓர் அறை வாசலில் தன்னார்வலர் 'அறை நிரம்பிவிட்டது' என்ற தாளைக் கதவில் ஒட்டிவிட்டார். உள்ளே போக முடியாமல் சுவரோரம் நின்றேன். பக்கத்தில் நின்றவரும் அப்படியே நின்றவர்தான். பேச்சுக் கொடுத்தால், நாலு வருடமாக என் பேட்ச்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆள்! நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் மூன்று கட்டம் வரைந்தார். "நீ இந்த லாக்கை (நிரலில் போடும் பூட்டு) இங்கே எடுக்கிறாய், நான் பயப்படுவது இங்கே" என்று காட்டினார். இருபது நிமிடம். மூன்றாவது வாரம் பேட்ச் உள்ளே போய்விட்டது. அந்தத் தாள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அந்த இருபது நிமிடம் எந்த வீடியோவிலும் இல்லை. போவது அதற்குத்தான்.

"பிழை எழுதுகிறவள்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கஷ்டப்பட்டது. அந்த அறையில் நூறு பேர் கோட் எழுதுவார்கள். 'கொ' உடைந்திருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். யோக்கியதை பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை.

சரி, விசா. பெல்ஜியத்துக்குத் தேவை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு, புறப்படுவதற்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை வேறு. பேச்சு ஏற்கப்பட்ட தகவல் டிசம்பரில்தான் வரும் என்பதால் இந்தியாவிலிருந்து ஃபாஸ்டெம் போகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அடுத்த வருடம் போக நினைப்பவர்கள் பேச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம். பார்வையாளராகப் போவதாகவே நவம்பரில் விண்ணப்பித்துவிடுங்கள். இடம் கிடைத்தால் அதையும் சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் இந்நேரம், விசா விண்ணப்பம் வாங்கும் பெங்களூரு விஎஃப்எஸ் மையத்தில் நேரம் வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கட்டணம் 90 யூரோ, அதாவது 9,000 ரூபாய்க்கு மேல், அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், அது ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், நீங்கள் இருக்கும் எல்லா நாளுக்கும் செல்ல வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகிறதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். விரல் ரேகைக்கு நேரில் போயாக வேண்டும்.

ஃபாஸ்டெமில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்த மாநாட்டுக்கு டிக்கெட் கிடையாது, பதிவும் கிடையாது. தொடங்கிய நாளிலிருந்து திறந்த கதவுதான். நமக்கு இது சந்தோஷம். விசா அதிகாரிக்கோ "மாநாட்டுக்குப் போகிறேன் என்கிறார், ரசீது எங்கே?" என்று தோன்றும். அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். உங்கள் விளக்கக் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் எழுதுங்கள்: இந்த மாநாட்டில் அனுமதி இலவசம், பதிவு முறை இல்லை, என் பேச்சு இந்தத் தேதியில் இந்த அறையில், ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலும் நிகழ்ச்சி நிரலில் என் பெயர் உள்ள பக்கமும் இத்துடன் உள்ளன. நீங்கள் பேசும் அறையின் நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களிடம் ஓர் அழைப்புக் கடிதமும் கேளுங்கள். அதற்கு நாளாகும், இன்றே எழுதிவிடுங்கள்.

கம்பெனியிடம் பணம் கேட்க வேண்டாம் என்றார்கள், கடிதம் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லையே! எத்தனை வருடமாக வேலையில் இருக்கிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு, திரும்பி வந்து எந்த நாளில் வேலையில் சேர்வீர்கள் என்று ஹெச்ஆர் கையெழுத்தோடு ஒரு பக்கம். கல்யாணமாகாத, முதல் முறை வெளிநாடு போகிற இளம்பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது "திரும்பி வருவாரா?" என்ற கேள்விதான் அந்த அதிகாரியின் மனதில் ஓடும். சம்பள ரசீது, வருமான வரித் தாக்கல், இந்த விடுப்புக் கடிதம் மூன்றும் அதற்குப் பதில். அதே மூச்சில் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஸ்லைடில் கம்பெனி பெயர் போடலாமா என்று. வேண்டாம் என்றால் போடாதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துப் போகவே போகாதீர்கள்.

வங்கிக் கணக்கு விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வேறொரு நாட்டு மாநாட்டுக்கு நான் முதன்முதலில் விண்ணப்பித்தபோது என் கணக்கில் 38,000 ரூபாய் இருந்தது. "இது பத்தாதும்மா" என்று அத்தான் அன்பாக இரண்டரை லட்சத்தைப் போட்டுவிட்டார். ஸ்டேட்மென்ட் எடுப்பதற்கு ஐந்து நாள் முன்பு! ஆறு மாதமும் நாற்பதாயிரத்தைத் தாண்டாத கணக்கு, கடைசி வரியில் 2,88,000. மறுத்துவிட்டார்கள். தாளில் ஒரு கட்டத்தில் டிக் மட்டும், அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அன்பளிப்பாக வந்த பணம் தப்பில்லை, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாததுதான் தப்பு. அம்மா பணம் கொடுத்தால் அது அம்மா கணக்கிலேயே இருக்கட்டும். "பயணச் செலவில் இவ்வளவு நான் ஏற்கிறேன்" என்று அம்மா ஒரு கடிதம் எழுதி, தன் ஸ்டேட்மென்டையும் இணைக்கட்டும். உங்கள் 80 ஆயிரம் உங்கள் கணக்கில் உள்ளபடியே இருக்கட்டும். எல்லாத் தாளும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும், அந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டும்.

டிக்கெட்டை விசா வந்த பிறகு வாங்குங்கள், விண்ணப்பத்துக்கு முன்பதிவு போதும். தங்குமிடமும் ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள். பெங்களூரிலிருந்து பிரசல்ஸுக்கு நேர் விமானம் இல்லை. வளைகுடா வழியாகப் போனால் இமிக்ரேஷன் பிரசல்ஸில், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் அங்கேயே முடிந்துவிடும். லண்டன் வழி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதற்குத் தனியாக டிரான்சிட் விசா கேட்பார்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் புகைப்படமும் விரல் ரேகையும் எடுக்கும் புது முறை வந்திருக்கிறது. வரிசை நீளலாம், அடுத்த விமானத்துக்கு இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். எல்லாத் தாளின் நகலும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

இனி பணம். உங்கள் ப்ராஜெக்டுக்குப் பின்னால் ஒரு அறக்கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன், க்னோம், அப்பாச்சி, பைதான் என்று பெரிய சமூகங்கள் பலவற்றில் பயண உதவி என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஃபாஸ்டெமின் சிறு அறைகளில் பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தச் செலவில் அல்லது இப்படிப்பட்ட உதவியில்தான் வருகிறார்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நான் இரண்டு வருடம் இப்படி ஒரு உதவிக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பம் படித்திருக்கிறேன். "இது என் வாழ்க்கையின் பெரிய வாய்ப்பு, தயவுசெய்து உதவுங்கள்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் மனசு இளகும், ஆனால் எதை வைத்துக் காசோலை போடுவது? "விமானம் 65,000, தங்குமிடம் நாலு இரவு 24,000, விசாவும் காப்பீடும் 13,000. என் கையிலிருந்து பாதி போடுகிறேன், மீதிக்கு உதவி வேண்டும். சனிக்கிழமை தேடல் பகுதியின் மெயின்டெய்னரைச் சந்தித்து இந்த எண்ணுள்ள பிழையை முடிக்கத் திட்டம்" என்று எழுதியவருக்கு நாங்கள் பத்து நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்திருக்கிறோம். பாதி கேட்டால் கிடைப்பது எளிது. முழுசும் கேட்டால் மற்றவர் பங்கையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். உதவி கிடைத்தாலும் பெரும்பாலும் பயணம் முடிந்து ரசீது அனுப்பிய பிறகுதான் பணம் வரும். போர்டிங் பாஸ் உட்பட ஒரு துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அதுவரைக்கும் யாராவது தாங்க வேண்டும், அம்மாவின் பணம் அதற்குத்தான்: இரண்டு மூன்று மாதக் கைமாற்று. கிரெடிட் கார்டில் இழுத்துவிட்டு மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மாதம் மூன்றரை சதவீத வாக்கில் வட்டி ஏறும், மாநாடு முடிந்தும் ஒரு வருடம் அதற்கே உழைக்க வேண்டியிருக்கும்.

உதவி கிடைக்காமல் போனால்? என் கருத்தைக் கேட்டால், அறையை ஒருவரோடு பகிர்ந்து, இரவுகளைக் குறைத்து, முப்பது நாற்பதாயிரம் வரை அம்மாவிடம் வாங்கலாம், மாதம் ஐயாயிரமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் போனால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். அம்மா முகம் சுளித்துக் கொடுக்கிற பணத்தில் நீங்கள் அங்கே நிம்மதியாக நிற்க மாட்டீர்கள்.

அம்மாவிடம் பேசும்போது "மாநாடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே தங்குவீர்கள், கூட யார், தினமும் எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். குளிர்காலத்தில் அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். இரவு எட்டு மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் அம்மாவுக்கு நடுராத்திரி பன்னிரண்டரை. மதிய இடைவேளையில் கூப்பிடுவதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு நகரத்தில் பெரிய பியர் கூட்டம் நடக்கும். குடிக்காமலும் போகலாம், போகாமலும் இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ரயில் நிலையங்களில், முக்கியமாக மிடி நிலையத்தில், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கட்டிக் கொடுக்க அம்மா நினைத்தால் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தேங்காய் சேர்க்காத தொக்கு போதும். நெய், பால்கோவா மாதிரி பால் பொருட்களை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், இறைச்சியும் அப்படித்தான். பச்சைக் கறிவேப்பிலைகூட வேண்டாம். பிரசல்ஸில் அந்த வாரத்தில் பெரும்பாலும் பத்து டிகிரிக்குள்தான் இருக்கும், கூடவே தூறல். நம்மூர் டிசம்பர் ஸ்வெட்டரை நம்பிப் போய் நான் நடுங்கியிருக்கிறேன். உள்ளே தெர்மல், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், தண்ணீர் இறங்காத ஷூ. கம்பெனியில் யாராவது ஆன்சைட் போய் வந்திருப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சைப் பற்றி இரண்டே வார்த்தை. ஆங்கில உச்சரிப்பு பற்றிக் கவலையா? அந்த அறையில் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் செக் நாட்டவரும் உட்கார்ந்திருப்பார்கள், பாதிப் பேருக்கு மேல் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். மெதுவாகப் பேசினால் எல்லோருக்கும் உதவி. பெங்களூரில் ஃபாஸ் யுனைடெட் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பு நடத்தும் கூட்டங்களில் ஒன்றில் முன்கூட்டியே ஒருமுறை பேசிப் பாருங்கள். தொடக்கத்திலேயே அந்த இரண்டு 'கொடி'யையும் திரையில் போட்டு, தேடிக் காட்டுங்கள். அறிமுகத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஸ்லைடை பிடிஎஃப் ஆக ஒரு பென் டிரைவிலும் வைத்திருங்கள், தமிழ் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

பேச்சைவிட முக்கியமானதுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஜனவரி நடுவில் அந்த மெயின்டெய்னருக்கு எழுதுங்கள்: "சனிக்கிழமை மதியம் உங்களிடம் இருபது நிமிடம் வேண்டும், இந்தப் பிழையை நேரில் காட்ட." பெரும்பாலும் சரி என்பார்கள். எல்லா அறைக்கும் ஓடாதீர்கள். மாநாடு நடக்கும் சோல்போஷ் வளாகம் பெரியது, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் அறை நிரம்பியிருக்கும். உங்கள் ப்ராஜெக்ட் சார்ந்த அறையில் ஒரு முழு நாள் உட்காருங்கள், இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். நகர மையத்திலிருந்து 71-ஆம் எண் பஸ் வளாகத்துக்கே போகும், காலை ஒன்பதரைக்கு மேல் கூட்டம் நெரியும்.

விசா மறுத்தால் அந்தத் தாளில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும். மேல்முறையீடு செய்யலாம், குறையைச் சரிசெய்து அடுத்த மாநாட்டுக்குப் புதிதாகவும் போடலாம். மறுக்கப்பட்டதை அடுத்த விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். அப்படி ஆனாலும் பேச்சு வீணாகாது, காணொளி வழியாகப் பேச முடியுமா என்று அறை நடத்துகிறவர்களைக் கேளுங்கள். 2001-இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கி ஃபாஸ்.இன் என்று பெயர் மாறிய மாநாட்டுக்கு வெளிநாட்டு டெவலப்பர்கள் இங்கேயே வந்தார்கள், நான் கற்றதில் பாதி அங்கேதான். 2023-இல் டெபியன் சமூகத்தின் டெப்கான்ஃப் மாநாடு கொச்சிக்கு வந்தது. 2025-இல் ஃபாஸ்ஏசியா மாநாடு பாங்காக்கில் நடந்தது. இந்தியாஃபாஸ் மாநாடு நம்ம ஊரிலேயே நடக்கிறது. வழி ஒன்றுதான் என்று இல்லை.

திரும்பி வந்த வாரத்திலேயே, களைப்பாக இருந்தாலும், அந்தப் பிழைப் பக்கத்தில் நேரில் என்ன முடிவானது, யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிழையின் எண்ணை எனக்கும் அனுப்புங்கள். மார்ச்சில் புது வெளியீடு வந்ததும் என் கணினியில் 'கொடி' என்று தேடிப் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா